மிச்சிகனிடம் தோற்றாலும் கோப்பை வாங்கலாம் என்றால், அந்த ஆட்டம் இனி எதற்கு? (ஒஹாயோ ஸ்டேட், 2024 சீசன்)

ஆகஸ்ட் 27, 2024. டாலஸிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

இந்த வருடத்திலிருந்து அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில், தேசியக் கோப்பையை முடிவுசெய்யும் பிளேஆஃபுக்கு 4 அணிக்குப் பதில் 12 அணி போகிறது. ஒன்றிரண்டு ஆட்டம் தோற்றாலும் கோப்பைக்குப் போகலாம். அப்படியென்றால் ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் என்ற இரண்டு பரம எதிரிப் பல்கலைக்கழகங்கள் வருடாவருடம் மோதும் ஆட்டத்துக்கு இனி என்ன மதிப்பு? மற்ற 11 ஆட்டங்களைப் போல அதுவும் ஒன்று, அவ்வளவுதானே? ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 28, 2024

இல்லை தம்பி. நான் கொலம்பஸில் இருக்கிறேன், 18 வருடமாக.

2006 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க இங்கே வந்தேன். முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஓடும் இந்த ஆட்டத்துக்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் என்றுகூட அப்போது தெரியாது. அந்த நவம்பர் 18-ம் தேதி முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டும் இரண்டாமிடத்தில் இருந்த மிச்சிகனும் மோதின. இரண்டும் அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. முந்தைய நாள்தான் மிச்சிகனின் பழைய கோச் போ ஷெம்பெக்லர் இறந்திருந்தார். ஒஹாயோ ஸ்டேட் 42-39 என்று ஜெயித்தது. ஹை ஸ்ட்ரீட்டில் யார் யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஊரில் தேர் நிலைக்கு வந்து சேரும்போது தெரியாதவர் தோளிலும் கை போட்டு நிற்போமே, அதே மாதிரி இருந்தது.

அதே அணி ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்தில் ஃபுளோரிடாவிடம் 41-14 என்று நொறுங்கியது. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முதல் உதையையே (கிக்ஆஃப்) பிடித்து டெட் கின் ஜூனியர் 93 யார்டு ஓடி, எதிரணிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் (6 புள்ளி) போட்டார், அந்தக் கொண்டாட்டத்திலேயே கால் அடிபட்டு வெளியே போனார். கோப்பை போனது. ஆனால் இன்றைக்கும் இங்கே 2006 என்றால் "42-39" என்றுதான் சொல்வார்கள். ஃபுளோரிடா ஆட்டத்தை யாரும் தாமாக எடுப்பதில்லை.

பிளேஆஃபில் 12 அணி வரட்டும், 24 அணி வரட்டும். இந்த ஆட்டத்தின் கணக்கு வேறு ஏட்டில் எழுதப்படுகிறது. சீசன் முடிகிறவரை இங்கேயே எழுதிக்கொண்டு வருகிறேன், பார்க்கலாம்.

ஆகஸ்ட் 31, 2024

ஏக்ரன் ஆட்டம், 52-6. ஜெரமையா ஸ்மித் என்று ஒரு பையன், 4-ம் நம்பர், காலேஜுக்கு வந்த முதல் ஆட்டத்திலேயே இரண்டு டச்டவுன். பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 2, 2024

என்ன எதிர்பார்ப்பு என்று டாலஸ் தம்பி கேட்டார். மிகப் பெரியது. கடந்த சீசனே தொழில்முறை லீகான என்.எஃப்.எல். போயிருக்கக்கூடிய ஒரு கூட்டம் இந்த ஒரு வருடத்துக்காகவே திரும்பி வந்திருக்கிறது: ஜாக் சாயர், எமேகா எக்பூகா, ட்ரெவியான் ஹெண்டர்சன், ஜே.டி. துயிமொலோவ், டோனவன் ஜாக்சன், டென்சல் பர்க். இவர்களில் பெரும்பாலானவர்கள் இங்கே வந்தது 2021-ல். அன்றிலிருந்து மிச்சிகனை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 2021-ல் 42-27, 2022-ல் 45-23, 2023-ல் 30-24, மூன்றும் தோல்வி. அதைச் சரிசெய்யாமல் போக மனமில்லாமல் தங்கியிருக்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்தவர்கள் தனி. அலபாமாவிலிருந்து கேலப் டவுன்ஸும், முன்வரிசை நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர் சேத் மெக்லாக்லினும், ஓல் மிஸ்ஸிலிருந்து குவின்ஷான் ஜட்கின்ஸ், கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட்.

அக்டோபர் 13, 2024

ஒரிகன் 32, ஒஹாயோ ஸ்டேட் 31. அவர்கள் ஊர் யூஜீனில், ஆட்ஸன் மைதானத்தில்.

நேற்று இரவு நடந்தது, இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை. 1 நிமிடம் 47 விநாடி மிச்சமிருக்கும்போது ஒரிகன் ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 3 புள்ளி) அடித்து ஒரு புள்ளி முந்தியது. நம் ஆட்கள் பந்தை ஃபீல்டு கோல் தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஸ்மித் செய்த ஒரு ஃபவுல், பின்னுக்குத் தள்ளப்பட்டோம். கடைசி நகர்வில் ஹோவர்ட் தானே ஓடி, சறுக்கி உட்கார்ந்து டைம்அவுட் கேட்கப் பார்த்தார். அதற்குள் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

அதற்குச் சற்றுமுன் ஒரிகன் 11 பேருக்குப் பதில் 12 பேரைக் களத்தில் இறக்கியது. கூட்டத்தின் சத்தத்தில் யாரோ வெளியேற மறந்திருக்க வேண்டும். 5 யார்டு தண்டனை.

இதைவிடப் பெரிய அடி, லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்காலில் அடிபட்டு விழுந்தது. தோல்வியை அடுத்த வாரம் மறக்கலாம். குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காக்கிறவன் போனால் அது சீசன் முழுக்கத் தொடரும்.

அக்டோபர் 17, 2024. திருத்தம்

12-வது ஆள் மறதியால் நிற்கவில்லை. தெரிந்தே நிறுத்தியிருக்கிறார்கள். நான் எழுதியது தவறு. தண்டனை 5 யார்டுதான், ஆனால் அந்த நகர்வில் ஓடிப்போன விநாடிகள் திரும்பி வராது. கூடுதல் ஆள் இருப்பதால் பந்து பிடிக்கவும் இடம் கிடைக்காது. இது தாங்கள் யோசித்து வைத்திருந்த ஒன்றுதான் என்பதை ஒரிகன் கோச் டேன் லானிங் மறைக்கவில்லை. அதே வாரத்தில் விதிக்குப் புது விளக்கம் கொடுத்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது கெட்டிக்காரத்தனம். விதிக்குள் நின்று செய்தார்கள், அதில் எனக்குக் கோபம் இல்லை.

அக்டோபர் 27, 2024

நெப்ராஸ்கா 17, நாம் 21. ஜெயித்தோம் என்பதைத் தவிர நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் லைன், சிம்மன்ஸ் இல்லாமல் சல்லடையாக இருக்கிறது.

நவம்பர் 3, 2024

பென் ஸ்டேட்டை அவர்கள் மைதானத்தில் 20-13 என்று ஜெயித்தோம். முதலில் 10-0 என்று பின்தங்கி, அதிலிருந்து மீண்டு வந்து.

வில் ஹோவர்ட் பென்சில்வேனியா பையன். டவுனிங்டவுனில் வளர்ந்து, பென் ஸ்டேட்டில் ஆட வேண்டும் என்றே ஆசைப்பட்டவர். அவர்கள் அழைக்கவில்லை. நேற்று அவர் வீசிய பந்து ஒன்றைப் பறித்து அவர்கள் டச்டவுன் போட்டபோது இந்த ஆளுக்கு இன்று இடிமேல் இடி என்று நினைத்தேன்.

கடைசிக் கால்பகுதியில் பென் ஸ்டேட் கோட்டுக்கு 3 யார்டு தூரத்தில் வந்து நின்றது. நான்கு வாய்ப்பு, அதற்குள் கோட்டைத் தாண்டாவிட்டால் பந்து நமக்கு. மூன்று முறை நேரே முட்டினார்கள், நகரவில்லை. நான்காவது வீச்சும் தரையில் விழுந்தது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்த சீசனிலேயே பிடித்தது. 5 நிமிடத்துக்கு மேல் மிச்சமிருந்தது. நம் ஆட்கள் பந்தை வாங்கி ஓடினார்கள், மறுபடி ஓடினார்கள், ஓடிக்கொண்டே இருந்தார்கள். பென் ஸ்டேட் கைக்குப் பந்து திரும்பிப் போகவே இல்லை. டோனவன் ஜாக்சனை லைனில் பக்கத்து இடமான கார்டிலிருந்து லெஃப்ட் டேக்கிளுக்கு நகர்த்தியிருந்தார்கள். அந்த ஓட்டங்களில் லைன் முன்னால் நகர்ந்ததைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. லைன் பிரச்சினை தீர்ந்தது என்றே சொல்வேன்.

நவம்பர் 24, 2024

இண்டியானா 15, நாம் 38. பத்து ஆட்டம் ஜெயித்து, ஒன்றும் தோற்காமல் வந்த அணி அது.

ஆனால் இந்த வாரம் பயிற்சியில் சென்டர் மெக்லாக்லினுக்குக் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. சீசன் முடிந்தது. லைனில் இப்போது இரண்டு ஓட்டை. "தீர்ந்தது" என்று போன குறிப்பில் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இது மிச்சிகன் வாரம். பல்கலைக்கழக வளாகத்தில் பலகைகளில் "எம்" என்ற எழுத்து எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு டேப்பால் குறுக்கே அடித்துவிடுவார்கள். நான் படித்த காலத்திலிருந்து பார்க்கிறேன். வருடத்தில் ஒரே ஒரு வாரம்தான். அந்த டேப்பைப் பார்த்தாலே எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்யும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி இங்கே எழுதியதில்லை. வயது 81. இந்த ஆட்டத்தை எனக்கு ஒவ்வொரு விதியாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். என் மகள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறாள். 2015-ல் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தோம். அந்த வருடம் மிச்சிகனை ஜெயித்த மாலையில் ஒரு தட்டு நிறைய பக்கை மிட்டாயோடு வந்து கதவைத் தட்டினார். வேர்க்கடலை வெண்ணெயை உருட்டி, மேலே ஒரு வட்டம் மட்டும் தெரியும்படி சாக்லேட்டில் முக்கியது. ஒஹாயோவின் பக்கை மரத்துக் கொட்டை பார்க்க அப்படித்தான் இருக்கும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் மனைவி கடலை உருண்டை பிடித்து அதே தட்டில் வைத்துக் கொடுத்தாள். இரண்டும் கடலைதான் என்று பெரியவருக்கு ஒரே சந்தோஷம்.

2019 வரை ஐந்து வருடமும் தட்டு வந்தது. 2020-ல் கொரோனாவால் ஆட்டமே நடக்கவில்லை. அதற்குப் பிறகு வரவில்லை. கடைசித் தட்டு வந்தபோது மகளுக்கு 8 வயது, இப்போது 13.

நவம்பர் 30, 2024, இரவு

மிச்சிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10. இன்று எழுத முடியாது.

டிசம்பர் 2, 2024

சரி, எழுதுகிறேன்.

மிச்சிகன் 6 வெற்றி, 5 தோல்வி என்று வந்த அணி. சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் நாம் ஜெயிப்போம் என்று கணிப்பு. அவர்களுடைய சிறந்த ஆட்டக்காரர்களில் வில் ஜான்சனும் கோல்ஸ்டன் லவ்லண்டும் ஆடவே இல்லை. அவர்கள் குவார்ட்டர்பேக் ஆட்டம் முழுக்க வீசிச் சேர்த்தது 62 யார்டு. இரண்டு பந்தைப் பறிகொடுத்தார். இப்படி ஆடிய குவார்ட்டர்பேக் உள்ள அணியிடம், சொந்த மைதானத்தில், ஒரு லட்சம் பேருக்கு முன்னால் தோற்றோம்.

எப்படித் தோற்றோம் என்பதுதான் வலிக்கிறது. நம்மிடம் நாட்டிலேயே சிறந்த பந்துபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். லைனில் ஓட்டை என்று எல்லோருக்கும் தெரியும். மிச்சிகனின் பலமோ நடுவில் நிற்கும் மேசன் கிரகாமும் கென்னத் கிரான்ட்டும். அப்படியிருக்க நாம் பந்தை எடுத்துக்கொண்டு நேரே அந்த இருவர் மார்பிலேயே போய் முட்டினோம். மீண்டும் மீண்டும். பாதி ஆட்டத்தில் 10-10. இரண்டாம் பாதியில் நமக்கு ஒரு புள்ளிகூட இல்லை. 38 யார்டு, 34 யார்டு ஃபீல்டு கோல் இரண்டையும் தவறவிட்டோம்.

ஏன் அப்படி ஆடினார்கள் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான். மூன்று வருடமாக "ஒஹாயோ ஸ்டேட்டுக்கு உடம்பில் முரட்டுத்தனம் போதாது" என்ற பேச்சு. மிச்சிகன் நம்மை ஜெயித்தது எல்லாமே முட்டித் தள்ளித்தான். அதே வழியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வீறாப்பு கோச் ரயன் டேயைப் பிடித்துக்கொண்டது. எதிராளி ஏசிய ஏச்சுக்குப் பதில் சொல்லப் போய், கையில் இருந்த நல்ல ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டார். அவரைப் பழிக்க இதை எழுதவில்லை. நானும் அந்த முதல் பாதியில் "முட்டுங்கடா" என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் காலெல் மல்லிங்ஸ் 27 யார்டு ஓடினார். 45 விநாடி மிச்சமிருக்கும்போது டொமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து அடித்தார். முடிந்தது.

சாயர், எக்பூகா, ஹெண்டர்சன், துயிமொலோவ் எல்லாருக்கும் மிச்சிகன் கணக்கு முழுத் தோல்வியாகவே முடிந்துவிட்டது. அவர்களுக்கு இனி ஒரு வாய்ப்பு இல்லை. 1934-லிருந்து ஒரு வழக்கம் உண்டு. மிச்சிகனை ஜெயித்த அணியில் ஒவ்வொருவருக்கும் சின்னத் தங்கக் கால்சட்டை ஒன்று, சங்கிலியில் கோத்துக்கொள்கிற அளவில், கொடுப்பார்கள். அது இல்லாமலே இவர்கள் போகப் போகிறார்கள். தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது.

பெரியவர் வாசலில் இருந்த கொடியை அன்று மாலையே உள்ளே எடுத்துவிட்டார். நேற்று குப்பைத்தொட்டியை வெளியே வைக்கும்போது பார்த்தேன். 1969-ஐப் பற்றிப் பேசினார். 22 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த வூடி ஹேஸின் அணி, ஷெம்பெக்லர் கோச்சாக வந்த முதல் வருட மிச்சிகனிடம் 24-12 என்று தோற்றது. அன்று அவருக்கு 26 வயது. 55 வருடம் கழித்தும் அந்த ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியை நேற்று நடந்த மாதிரி சொல்கிறார்.

டிசம்பர் 4, 2024. மிச்சிகன் பல்கலைக்கழக ஊரான ஆன் ஆர்பரிலிருந்து எழுதிய அண்ணனுக்கு

வாழ்த்துகள் அண்ணா. உங்கள் அணி அன்று நன்றாக ஆடியது, அதில் சந்தேகமில்லை. ஆட்டம் முடிந்ததும் எங்கள் மைதானத்தின் நடுவில் கொடியை ஊன்றியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதில் தள்ளுமுள்ளு வந்து, போலீஸ் மிளகு ஸ்பிரே அடிக்க வேண்டியதாயிற்று. இருபது வயதுப் பையன்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள், இரண்டு நிற உடுப்பிலும். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலைக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். எங்கள் பையன்கள் அடிக்கப் போனது சரியா என்று கேட்டீர்களே, அதுவும் தவறுதான்.

டிசம்பர் 9, 2024

12 அணிப் பட்டியல் வந்துவிட்டது. நமக்கு 8-வது இடம். 21-ம் தேதி டென்னசி, கொலம்பஸில். பிளேஆஃப் ஆட்டம் ஒன்று ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் நடப்பது இந்த வருடம்தான் முதல்முறை.

ஊரில் யாருக்கும் உற்சாகம் இல்லை. டிக்கெட்டை விற்கிறவர்கள் நிறையப் பேர். நான் இரண்டு வாங்கினேன். மகள் பள்ளி பேண்டில் இருக்கிறாள், அவளுக்கு ஆட்டத்தைவிட ஒஹாயோ ஸ்டேட் மார்ச்சிங் பேண்ட்தான் முக்கியம். அணிவகுத்துச் சென்றபடியே "ஒஹாயோ" என்று ஆங்கிலத்தில் களத்தில் கையெழுத்தாக எழுதி, கடைசியில் சூசாஃபோன் என்ற பெரிய ஊதுகுழல் வாசிக்கும் ஒருவர் "i" எழுத்துக்குப் புள்ளியாகப் போய் நிற்பார். அதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறாள்.

டிசம்பர் 22, 2024

42-17.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர், உறைநிலைக்கு வெகு கீழே. மைதானத்தில் டென்னசியின் ஆரஞ்சு நிறம் திட்டுத்திட்டாக எங்கும். சொந்த மைதானத்தில் அதைப் பார்க்க வயிறு எரிந்தது. என் பின்வரிசையில் ஒருவர், ஒரு நகர்வு சரியாகப் போகாவிட்டாலும் கோச்சைத் திட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. முதல் கால்பகுதி முடியும்போது 21-0.

மூன்று வாரம் முன்னால் நடுவில் முட்டிக்கொண்டிருந்த அதே அணி முதல் பந்திலிருந்தே வெளியே வீசியது. ஹோவர்ட் 311 யார்டு, ஸ்மித்துக்கு இரண்டு டச்டவுன். லைனில் ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பந்து கையை விட்டுச் சீக்கிரம் போய்விட்டால் ஓட்டை தெரியாது. இதை ஏன் நவம்பர் 30-ல் செய்யவில்லை? ஒவ்வொரு டச்டவுனுக்கும் எழுந்து கத்தினேன், உட்காரும்போது இதே கேள்வி.

ஜனவரி 2, 2025

ரோஸ் பவுலில் காலிறுதி, ஒரிகன் 21, நாம் 41. அக்டோபரில் ஒரு புள்ளியில் நம்மைத் தோற்கடித்த, அதன் பிறகு யாரிடமும் தோற்காத ஒரிகன். ஒரு கட்டத்தில் 34-0. ஸ்மித் 187 யார்டு. அவருக்கு இன்னும் 20 வயது ஆகவில்லை.

ஜனவரி 5, 2025

ஆன் ஆர்பர் அண்ணன் சொல்வது: "நாங்கள் ஜெயித்ததுதான் உங்களுக்கு வரமாகிவிட்டது. எங்களை ஜெயித்திருந்தால் இண்டியானாபொலிஸில் பிக் டென் லீக் இறுதியில் ஒரிகனோடு இன்னொரு ஆட்டம் ஆடி, அதில் ஜெயித்தால் நேரே காலிறுதிக்குப் போய், கிட்டத்தட்ட ஒரு மாதம் சும்மா உட்கார்ந்து துருப்பிடித்திருப்பீர்கள். அப்படி நேரே போன ஒரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் நான்கும் தோற்றுவிட்டன பாருங்கள்."

நான்கும் தோற்றது உண்மை. மூன்று வார ஓய்வில் நம் லைன் தேறியதும் உண்மை. அந்த வாரம் வீரர்களும் கோச்சுகளும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தத் தோல்வி இல்லாமல் இந்த அணி ஆட்டத்தை மாற்றியிருக்குமா? மாற்றியிருக்காது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஆனாலும் வரம் என்ற சொல்லை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை அண்ணா. வீடு எரிந்த பிறகு கட்டிய புது வீடு நன்றாக அமையலாம். அதற்காக எரிந்ததை நல்லது என்று எப்படிச் சொல்வது?

ஜனவரி 11, 2025

அரையிறுதி, டெக்சஸ் 14, நாம் 28. டாலஸ் பக்கத்திலேயே, ஆர்லிங்டனில். தம்பி நேரில் போயிருந்தார் என்று எழுதியிருக்கிறார், கொடுத்து வைத்தவர்.

எழுத வேண்டியது ஒரே ஒரு நகர்வுதான். அப்போது 21-14 என்று நாம் முன்னிலை. டெக்சஸ் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில். அங்கிருந்து பக்கவாட்டில் ஓடப் பார்த்து 7 யார்டு பின்னால் போனார்கள். நான்காவது வாய்ப்பு, 8 யார்டு தூரத்திலிருந்து. குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் வீசக் கையை ஓங்குகிறார். ஜாக் சாயர் வந்து அடிக்கிறார், பந்து தெறிக்கிறது, அதை அவரே எடுத்து 83 யார்டு ஓடி டச்டவுன்.

யூவர்ஸ் 2021-ல் ஒஹாயோ ஸ்டேட்டில்தான் சேர்ந்தார். இதே சாயரோடு ஒரே அறையில் இருந்தவர்.

சாயர் கொலம்பஸுக்குப் பக்கத்தில் பிக்கரிங்டன் பையன். நவம்பர் 30-ல் மைதான நடுவில் நட்ட கொடியைப் பிடுங்கியவர் அவர்தான். அவர் ஓடும்போது நான் கத்தவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. கால் கனத்து, கடைசி 20 யார்டில் தள்ளாடித்தான் ஓடினார். பக்கத்து வீட்டிலிருந்து பெரியவர் கத்தியது ஜன்னல் சாத்தியிருந்தும் கேட்டது.

ஜனவரி 21, 2025

நோட்டர் டேம் 23, ஒஹாயோ ஸ்டேட் 34. தேசியக் கோப்பை. 14 வெற்றி, 2 தோல்வி.

அட்லாண்டாவில் நோட்டர் டேம் முதல் முறை பந்தை வாங்கியதும் 18 நகர்வு ஆடி, 10 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பந்தைக் கையிலேயே வைத்திருந்து டச்டவுன் போட்டார்கள். வீட்டில் பேச்சுமூச்சில்லை. அதற்குப் பதிலாக நாம் தொடர்ந்து 31 புள்ளி எடுத்தோம். ஹோவர்ட் முதல் 13 வீச்சில் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. 31-7 ஆனதும் முடிந்துவிட்டது என்று என் மனைவி தூங்கப் போனாள். பிறகு 31-15, பிறகு 31-23. அவளை எழுப்பலாமா என்று யோசித்தேன்.

மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 11 யார்டு வேண்டும். பயந்தவன் ஓடிக் கடிகாரத்தைக் கரைப்பான். நவம்பரில் அதைத்தான் செய்தோம். இப்போது ஹோவர்ட் உயரே வீசினார். ஸ்மித் 56 யார்டு தள்ளிப் பிடித்தார். அதோடு நோட்டர் டேமின் கதை முடிந்தது. நவம்பர் 30-ல் இரண்டு ஃபீல்டு கோலைத் தவறவிட்ட ஜேடன் ஃபீல்டிங்தான் கடைசி 3 புள்ளியையும் அடித்தார். அவருக்காக ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

ஜனவரி 25, 2025

"இப்போது சொல்லுங்கள். கோப்பை வந்துவிட்டது, மிச்சிகன் தோல்வி கழுவப்பட்டதா இல்லையா?" – டாலஸ் தம்பி.

நான் எதுவும் வாதிடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் பெரியவர் வாசலில் கொடி திரும்ப வந்தது. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் தட்டு வந்ததா என்று கேட்டாள். வரவில்லை. புதன், வியாழன் வரவில்லை. நேற்று அவர் வீட்டுப் படியில் பனியைத் தள்ளிக் கொடுக்கப் போனேன். அரை மணி நேரம் சாயரைப் பற்றியே பேசினார், கண் கலங்கினார். மகள் தட்டைப் பற்றி நேராகவே கேட்டுவிட்டாள். "அது மிச்சிகனுக்கு, கண்ணு" என்கிற மாதிரி அவர் பாஷையில் சொல்லிவிட்டு, அவள் தலையைத் தடவினார்.

ஜனவரி 27, 2025

பணத்தைக் கொட்டி வாங்கிய கோப்பை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பணம் கொட்டியது உண்மை. வீரர்களுக்குப் போனது சுமார் 2 கோடி டாலர் என்று பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் ராஸ் பியோர்க்கே வெளிப்படையாகச் சொன்னார். ஒரு லட்சம் பேர் வந்து உட்காரும் மைதானம் 1922-லிருந்து நிற்கிறது. அத்தனை வருடமும் அந்த வருமானத்தில் ஆடுகிறவர்களுக்குப் படிப்புச் செலவைத் தவிர நேர்வழியில் ஒன்றும் போகவில்லை. இப்போது அவர்கள் கைக்கும் பணம் வருகிறது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. அதே பணம்தான் 10-13 என்று தோற்றபோதும் கொடுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 27, 2025

என்.எஃப்.எல். தேர்வில் 14 பேர். முதல் சுற்றிலேயே எக்பூகா, ஜாக்சன், டைலிக் வில்லியம்ஸ், சிம்மன்ஸ். அக்டோபரில் ஒரிகனில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்த சிம்மன்ஸைக் கேன்சஸ் சிட்டி 32-வதாக எடுத்தது. அவர் பெயர் வரும்போது நானும் மகளும் கைதட்டினோம்.

நவம்பர் 29, 2025

பழைய இழைதான், இன்று இங்கேதான் எழுத வேண்டும்.

ஆன் ஆர்பரில் ஒஹாயோ ஸ்டேட் 27, மிச்சிகன் 9. கொட்டும் பனியில். முதலில் அவர்கள் 6-0 என்று முந்தியபோது பழைய வயிற்றுவலி வந்தது. அப்புறம் ஸ்மித் ஒன்று, கார்னெல் டேட் ஒன்று, பனியில் பந்து எப்படித் தெரிந்ததோ. ஆன் ஆர்பர் அண்ணன் ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடம் செய்தி அனுப்பினார், பெருந்தன்மையானவர்.

இங்கேயும் பனி. ஐந்து மணி இருக்கும், இருட்டத் தொடங்கியிருந்தது. கதவு தட்டப்பட்டது. மகள்தான் ஓடிப்போய்த் திறந்தாள். பெரியவர் தலையில் தொப்பி, தோளில் பனி, கையில் தட்டு. மேலே மெழுகுத்தாள் மூடியிருந்தது. அதே நீலக்கரை போட்ட தட்டு. அவருக்கு இப்போது 82. கை நடுங்கியதில் உருண்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

என் மனைவி அடுப்பில் கடலை வறுக்கிறாள். வெல்லம் போதாது, கடைக்குப் போக வேண்டும்.